லைட்னிங் கால் யாருக்கு?

ட்ரங்க் கால் காலத்தை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. லைட்னிங் கேட்டால் லைன் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் கட்டணம் பல மடங்கு. அதனால் தலைபோகிற விஷயத்துக்கு மட்டுமே கேட்போம். கார் எலெக்ட்ரானிக்ஸில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இன்றைய காருக்குள்ளும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான் ஓடுகிறது.

அம்பாசடரில் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி வயர். பிறகு என்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று எலெக்ட்ரானிக் பெட்டிகள் பெருகின. அவை ஒன்றோடொன்று பேச வேண்டும். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு வயர் என்றால் காருக்குள் வயர் மூட்டைதான் மிஞ்சும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983இல் வேலையைத் தொடங்கி, 1986இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இதற்கு ஒரு வழியை அறிமுகப்படுத்தியது. பெயர் கேன். தண்ணீர் கேன் அல்ல, கன்ட்ரோலர் ஏரியா நெட்வொர்க்! முறுக்கிய இரண்டே வயர்கள். எல்லாப் பெட்டிகளும் அந்த ஒரே லைனில்.

இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால்? ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. சிறிய எண்ணுக்கு முன்னுரிமை. பெரிய எண்ணோடு வந்த பெட்டி அதைத் தானே உணர்ந்து நிறுத்திக்கொள்ளும். முன்னால் போகிறவரின் பேச்சில் ஓர் எழுத்துகூடக் கெடாது. அது முடிந்ததும் நின்றவர் மறுபடி முயல்வார். நடுவில் ஆபரேட்டர் அம்மா தேவையில்லை.

ஆனால் எந்தச் செய்திக்கு எந்த எண் என்று முடிவு செய்வது மனிதர்கள். ஒரு புதிய காருக்கு அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. இங்கே கட்டணம் கிடையாதே! எல்லா டிபார்ட்மென்டும் லைட்னிங் கேட்டார்கள்.

என்ஜின் பிரிவு இளைஞர் ஒருவர், ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை அனுப்பியே ஆக வேண்டும் என்றார்.

“தம்பி, அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று வீட்டில் கேட்டுவிட்டு வாங்க” என்றேன். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் விடவில்லை. “சார், அடிக்கடி அனுப்பினால் நல்லதுதானே?”

கணக்குப் போட்டுக் காட்டினேன். எங்கள் லைனின் வேகம் செகண்டுக்கு 5 லட்சம் பிட். ஒரு முழுச் செய்திக்கு ஏறக்குறைய கால் மில்லி செகண்டு. அதாவது செகண்டுக்குச் சுமார் 4000 செய்திகள்தான் போக முடியும். அவர் கேட்டது அதில் 100. இப்படி நாற்பது பேர் கேட்டால் லைன் நிரம்பிவிடும். பெரிய எண்காரர்களுக்கு வாய் திறக்கவே இடம் இருக்காது.

மழை ரோட்டில் சக்கரம் வழுக்கும்போது பிரேக் பெட்டி, “இழுப்பைக் குறை” என்று என்ஜின் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிற கார் ஒரு செகண்டில் 22 மீட்டர் ஓடிவிடும். அந்தச் செய்தி, தண்ணீர்ச் சூட்டுக்குப் பின்னால் வரிசையில் நிற்கலாமா?

அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: “உங்கள் செய்தி ஒரு செகண்டு தாமதமானால் யாருக்கு என்ன ஆகும்?” பதில் சொல்ல முடியாதவர்கள் தாமாகவே பின்னால் போனார்கள். தண்ணீர்ச் சூடு செகண்டுக்கு ஒருமுறை ஆனது. நூறு செய்தி ஒன்றானது. கதவுக் கண்ணாடி ஏற்றி இறக்கும் பேச்சை லின் என்ற மலிவான, மெதுவான ஒற்றை வயர் லைனுக்கு மாற்றினோம். வேகமான லைன் வாங்கச் செலவே ஆகவில்லை. வீண் பேச்சைக் குறைத்தோம், அவ்வளவுதான்.

ஒரு வேண்டுகோள். கூடுதல் ஹாரனோ விளக்கோ மாட்டும்போது, விவரம் தெரியாதவர் அந்த முறுக்கிய வயர் ஜோடியை வெட்டி இணைப்புக் கொடுக்க விடாதீர்கள். ஹாரன் சத்தமாகத்தான் கேட்கும். ஆனால் காருக்குள் மற்றவர்கள் பேசுவது நின்றுபோகலாம்.