அடியில் மறையும் ஈயம்

கோவை கணபதியில் ஒரு பம்பு உதிரிபாகப் பட்டறையின் மாடியில் இருக்கிறது அந்தச் சிறிய மின்னணுக் கூடம். கீழே லேத்து ஓடும் சத்தம் படியேறும்வரை கூடவே வருகிறது. மேலே செருப்பைக் கழற்றி, மணிக்கட்டில் நிலைமின்சாரப் பட்டையை மாட்டிக்கொண்ட பிறகுதான் மேசைப் பக்கம் விடுகிறார்கள். பம்பைச் சோதிக்கும்போது அதன் வேகத்தையும் இழுக்கும் மின்னோட்டத்தையும் அளந்து கணினிக்கு அனுப்பும் ஒரு போர்டை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். நாலு சென்டிமீட்டர் நீளம், மூன்று அகலம். நடுவில் ராஸ்பெர்ரி பை நிறுவனம் 2021 ஜனவரியில் வெளியிட்ட ஆர்பி2040 சில்லு. பக்கத்துக்கு 7 மி.மீ., சுற்றிலும் 56 இணைப்புகள். கால் மட்டும் ஒன்றுகூடக் கிடையாது.

ஐசி என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது பூரான்போல இருபுறமும் கால் நீட்டிய கறுப்புத் துண்டுதான். அதில் காலுக்குக் கால் 2.54 மி.மீ. இடைவெளி. துளையில் செருகி, போர்டைத் திருப்பிப்போட்டு ஈயம் வைத்தால் ஒவ்வொரு முனையிலும் சிறு கூம்பு பளபளக்கும். பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். கால் இல்லாத வகையைத் தொழிலில் க்யூஎஃப்என் என்கிறார்கள். அதன் முனைகள் அடிவயிற்றின் ஓரத்தில் தட்டையான செப்புப் பட்டைகளாக இருக்கின்றன. ஆர்பி2040-இல் ஒரு பட்டையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 0.4 மி.மீ. தான். வயிற்றின் நடுவே 3.2 மி.மீ. சதுரத்தில் ஒரு தட்டு. பல சில்லுகளில் அது வெப்பத்தை இறக்குவதற்காக இருக்கும். இந்தச் சில்லுக்கோ கிரவுண்ட் இணைப்பே அது ஒன்றுதான். சுற்றியிருக்கும் 56-இல் வேறு கிரவுண்ட் கிடையாது. நடுத்தட்டு பிடிக்காவிட்டால் மற்ற அனைத்தும் சரியாக ஒட்டியிருந்தும் போர்டு உயிர்பெறாது. அந்தத் தட்டை ஒட்டிய பிறகு யாராலும் பார்க்க முடியாது.

போர்டை வரைபவர் முப்பது வயதுக்காரர், பாலிடெக்னிக்கில் படித்தவர். கீகேட் மென்பொருளில் வரைகிறார். ழான்-பியர் ஷராஸ் என்பவர் 1992-இல் தொடங்கிய இந்த மென்பொருளைக் காசு கொடுக்காமல் யாரும் பயன்படுத்தலாம். கணபதி போன்ற இடத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு வடிவமைப்புக் கூடம் நடத்த முடிவதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

திரையில் நடுத்தட்டைப் பெரிதாக்கிக் காட்டினார். அதில் 3.2 மி.மீ. சதுரம் முழுக்க ஈயப்பசை பூசுவதில்லை. சதுரத்தை நாலு சன்னலாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 1.3 மி.மீ. வருமாறு வைத்திருந்தார். கணக்குப் போட்டால் தட்டின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் பசை விழும். மீதி இடம் எதற்கு? பசையில் பாதி கனஅளவு ஈயத் துகள், மீதி ஈயம் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ். சூடேறும்போது ஃப்ளக்ஸ் ஆவியாகி வெளியேற வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் ஈயத்துக்குள் குமிழியாகத் தங்கிவிடும். சன்னல்களுக்கு இடையே கூட்டல் குறிபோல ஓடும் பட்டையில் 0.3 மி.மீ. துளைகளைப் போட்டிருந்தார். மேல் செப்பையும் கீழே விரிந்திருக்கும் கிரவுண்ட் செப்பையும் அவை இணைக்கின்றன. அதே துளைகள் பசைக்கு நேர் கீழே இருந்தால் உருகிய ஈயம் துளைவழியாகக் கீழே இறங்கிவிடும். சில்லுக்கு அடியில் ஒன்றும் மிஞ்சாது.

ஓரப் பட்டைகளின் கதை வேறு. பட்டையின் அகலம் 0.2 மி.மீ., இடைவெளியும் 0.2 மி.மீ. அந்த இடைவெளியில் ஈயம் ஒட்டாத பச்சைப் பூச்சு ஒரு நூலாவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தடுத்த பட்டைகள் ஈயத்தால் பாலம் போட்டுக்கொள்ளும். பூச்சு நகர்ந்துவிடக்கூடும் என்று இருபுறமும் 0.05 மி.மீ. விட்டால் நடுவில் மிஞ்சுவது 0.1 மி.மீ. போர்டு அச்சடிக்கும் ஆலைகள் பலவற்றுக்கு அதுதான் கடைசி எல்லை. கறுப்புப் பூச்சுக்கு இன்னும் அகலம் கேட்பார்கள். கறுப்பு போர்டுதான் அழகாக இருக்கும் என்று வாடிக்கையாளர் சொன்னதை அவர் மறுத்துவிட்டாராம். பட்டைகளின் மேற்பூச்சிலும் அதே பிடிவாதம். உருகிய ஈயத்தில் முக்கிச் சூடான காற்றால் வழித்தெடுக்கும் மலிவான பூச்சு மேடுபள்ளமாக இருக்கும். இந்த அளவுக்கு அது ஆகாது. நிக்கல்மேல் தங்கம் படிந்த சமதளப் பூச்சுதான் வேண்டும் என்று எழுதி அனுப்பினார்.

பசை பூசும் எஃகுத் தகட்டை ஸ்டென்சில் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். லேசரில் வெட்டிய அந்தத் தகட்டின் தடிமன் 0.1 மி.மீ. இதை 0.15 ஆக எடுத்தால் 0.2 மி.மீ. அகலத் துளைக்குள் பசை சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், போர்டில் இறங்காது. பசையின் துகளுக்கும் ஒரு விதி உண்டு. துளையின் குறுக்கே குறைந்தது ஐந்து துகள் அடங்க வேண்டும். மூன்றாம் வகைப் பசையில் துகள் 45 மைக்ரான்வரை வரும். ஐந்தை அடுக்கினால் 225, துளையோ 200. அதனால் 38 மைக்ரானுக்குள் அடங்கும் நாலாம் வகைப் பசை. குளிர்பெட்டியில் வைத்திருந்த டப்பாவைக் காலையிலேயே வெளியே எடுத்து மூடி திறக்காமல் வைத்திருந்தார்கள். குளிர்ந்த பசையைத் திறந்தால் காற்றின் ஈரம் அதில் படியும், போர்டைச் சூடாக்கி ஈயத்தை உருக்கும் அடுப்பில் அது தெறிக்கும்.

இத்தனையும் ஒரு சில்லை வைப்பதற்கு முன்பே முடிவாகிவிட வேண்டும் என்பதுதான் என்னை அங்கே அதிக நேரம் உட்காரவைத்தது. கால் உள்ள ஐசியில் வரைபடம் கொஞ்சம் தவறினாலும் ஈயம் வைப்பவரின் கை அதைச் சரிசெய்யும். இங்கே கை நுழைய இடமில்லை. ஆனால் கைக்காரர் தேவையில்லை என்று ஆகிவிடவில்லை. அதை அடுத்த மேசையில் பார்த்தேன்.

அங்கே உட்கார்ந்திருந்த அக்கா பள்ளிப்படிப்போடு இந்த வேலைக்கு வந்தவர். முன்பு ஸ்டார்ட்டர் போர்டுகளுக்குத் துளையில் கால் செருகி ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். இப்போது உருப்பெருக்கியின் கீழ் உறிஞ்சுபேனாவால் சில்லை எடுத்துப் பசைமேல் இறக்குகிறார். அழுத்துவதில்லை. ஓரம் சற்று விலகியிருந்தாலும் கவலைப்படுவதில்லை. ஈயம் 217 டிகிரியைத் தாண்டி உருகும்போது அதன் பரப்பு இழுவிசையே சில்லைத் தன் இடத்துக்கு இழுத்துவிடும். அடுப்பின் சன்னல்வழியாக அதைக் காட்டினார். சாய்ந்திருந்த சில்லு சட்டென்று நேராகி நின்றது.

முதலில் வந்த ஸ்டென்சிலில் நடுத்தட்டுக்கு ஒரே பெரிய சன்னல்தான் இருந்ததாம். அந்தப் போர்டுகளில் பாதி ஓடவில்லை. சில்லில் ஓடும் மென்பொருளில் தவறு என்று வரைந்தவர் தேடிக்கொண்டிருந்தபோது, அக்கா விளக்கைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: “ஏனுங் தம்பி, இந்த ஐசி தூக்கிக்கிட்டு நிக்குதுங்க. பக்கத்துல ஓடுற போர்டுல இப்படி இல்லீங்க.” அதிகப்படியான ஈயம் நடுவில் குமிழ்ந்து சில்லைத் தூக்கியிருந்தது. ஒரு பக்க ஓரப் பட்டைகள் போர்டைத் தொடவே இல்லை. நாலு சன்னல் பிறந்தது அந்தப் பேச்சுக்குப் பிறகுதான்.

ஊடுகதிர் எடுத்துப் பார்க்கும் கருவி இந்த அளவு கூடங்களில் இருக்காது. சில்லின் பக்கவாட்டில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் முழுச் சான்று ஆகாது. சில்லை வெட்டியெடுத்த பக்கத்தில் செம்பு பூச்சின்றி இருப்பதால், நல்ல இணைப்பிலும் ஈயம் ஏறாமல் போகலாம். வாகனங்களுக்கான சில்லுகளில் பக்கவாட்டிலும் ஈயம் ஏறும்படி செய்து தருகிறார்கள், அதற்குத் தனி விலை. அக்காவின் வழி எளியது. மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைப் போர்டின் கிரவுண்டில் வைக்கிறார், கறுப்பு முனையால் ஒவ்வொரு இணைப்பாகத் தொடுகிறார். சில்லின் உள்ளே ஒவ்வொரு முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே காப்பு டயோடு உண்டு. இணைப்பு பிடித்திருந்தால் மீட்டர் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். ஒரு முனையில் மட்டும் காட்டாவிட்டால் அந்த ஓரப் பட்டை பிடிக்கவில்லை. எதிலுமே காட்டாவிட்டால் நடுத்தட்டு பிடிக்கவில்லை. கண்ணால் பார்க்க முடியாததை இப்படித் தொட்டுக் கண்டுபிடிக்கிறார்.

தொடுவதற்குக் கால் இல்லையே? அதனால் ஒவ்வொரு முக்கியமான தடத்திலும் ஒரு மில்லிமீட்டர் வட்டம் விடச் சொல்லியிருக்கிறார். முதல் முனையைக் காட்டும் புள்ளியைச் சில்லின் உடலுக்கு வெளியே போடச் சொன்னவரும் அவர்தான். உள்ளே போட்டால், வைத்த பிறகு மறைந்துவிடும், திருப்பி வைத்தோமா என்று சரிபார்க்க முடியாது. சில்லை ஒட்டிய மின்தேக்கிகள் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. அவற்றைச் சுற்றிச் சூடான காற்றுக் குழல் நுழைய இடம் கேட்டபோது வரைந்தவர் மறுத்திருக்கிறார். மின்தேக்கி தள்ளிப்போனால் மின்சாரம் நிலைகுலையும். அதில் அவர் சொல்வதே சரி என்று அக்காவும் ஒப்புக்கொண்டார். அதனால் பழுது பார்க்கும்போது அடியிலிருந்து போர்டைச் சூடாக்கி மேலே குறைந்த காற்று வைக்கிறார்கள்.

பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் போர்டு வரையக் கற்றுக்கொடுப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மாணவர் கோப்பை ஆலைக்கு அனுப்புமுன், அந்த வரைபடத்தை ஈயம் வைப்பவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். கோவையிலும் சென்னை கிண்டியிலும் ஓசூரிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைவைத்துக் காட்டும் இடத்தைத் திரையில் திருத்தச் சில நிமிடம் போதும். போர்டு வந்த பிறகு அதைத் திருத்த வழியில்லை.