கிருஷ்ணாயில் மணக்கும் ஞாயிறு

கிருஷ்ணாயில் வாசனை இல்லாமல் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தொடங்கியதில்லை. ரேஷனில் வாங்கி அம்மா பத்திரப்படுத்தியிருக்கும் கேனிலிருந்து அப்பா ஒரு கொட்டாங்கச்சி அளவு சாய்த்துக்கொள்வார். “அடுப்புக்கே பத்தல, வண்டிக்கு அபிஷேகம் வேறயா?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். அப்பா வாய் திறக்க மாட்டார். அதற்குள் டிவிஎஸ் 50-இன் செயினைக் கழற்றிப் பழைய அலுமினியத் தட்டில் போட்டிருப்பார்.

மன்னார்குடிக்குப் பக்கம், பாமணி ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. முன்பக்கம் ஒடுக்கம், இடமெல்லாம் கொல்லையில்தான். கிணறு, துவைகல், குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் போக ஒரு சின்ன வாய்க்கால், அது முடிகிற இடத்தில் வாழை. வேலியோரம் தென்னையும் முருங்கையும். நடுவில் மூங்கில் நட்டுப் போட்ட பந்தல். ஆடியில் ஊன்றும் அவரை பனிக்காலம் வரை பொறுமையாகக் கொடி மட்டுமே வீசும். அதுவரை குழம்புக்குப் புடலையும் பீர்க்கும். ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறந்து, தண்ணீர் எங்கள் ஆறு வரை வந்து சேர்ந்துவிட்டால் சில நாளிலேயே கிணற்றுக் கயிறு முழக்கணக்கில் மிச்சமாகும். ஆற்றுக்குத் தண்ணீர் வந்த சேதியை எங்களுக்கு முதலில் சொல்வது அந்தக் கயிறுதான்.

செயின் ஊற நேரம் பிடிக்கும். ஊறுகிற நேரத்தில் யாரும் உட்காரக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். கூட்டுறவுச் சங்கத்தில் வாரம் முழுக்கப் பேரேடு எழுதுகிறவர். ஞாயிறன்று மட்டும் முண்டாசு கட்டி வேறு ஆளாகிவிடுவார். வாழையடியில் முளைத்த பக்கக் கன்றுகளில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கடப்பாரையால் நெம்பி எடுப்போம். வளைய ஆரம்பித்த புடலம்பிஞ்சுகளின் நுனியில் சணலால் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவது என் வேலை. அவரைக் கொழுந்தில் அசுவினி அப்பியிருந்தால் அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவ வேண்டும். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர். இதையெல்லாம் முடித்துவிட்டுத் திரும்பினால் தட்டிலிருந்த கிருஷ்ணாயில் கறுத்திருக்கும். பழைய பல் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்துச் செயினைக் கொடியில் காயப்போடுவார். துணி உலர்த்த வந்த அம்மாவுக்கு அடுத்த சண்டைக்கு விஷயம் கிடைத்துவிடும்.

மாட்டும்போது செயின் லாக்கின் மூடிய பக்கம் வண்டி போகிற திசையைப் பார்த்திருக்க வேண்டும். திறந்த பக்கம் முன்னால் இருந்தால், ஓட்டத்தில் எதிலாவது உரசி லாக் கழன்றுவிடும். பள்ளிக்கூடத்தில் படித்தவற்றில் பாதி மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

அடுத்தது பிளக். டூ ஸ்ட்ரோக் வண்டி பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்துக் குடிக்கும், அதனால் பிளக் முனையில் கரி பிடிக்கும். கம்பி பிரஷ் போட்டு, உப்புத்தாளில் தேய்த்து, ஆக்சா பிளேடு நுழைகிற அளவுக்கு இடைவெளி வைப்பார். பிறகு பிளக்கை ஒயரோடு சேர்த்து இன்ஜின்மேல் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, “மிதிடா” என்பார். ஸ்டாண்டு போட்ட வண்டியில் ஏறிப் பெடலை மிதித்தால் நீலமாகப் பொறி தெறிக்கும். நீலம் என்றால் நல்லது. மஞ்சளாகச் சோர்ந்து விழுந்தால் பிளக்கை மாற்ற வேண்டும். முப்பது பக்கக் கையேடு எதுவும் எங்களிடம் இல்லை. நிறம்தான் கையேடு.

சைலன்சருக்குத்தான் பெரிய பூசை. உள்ளே கரி அடைத்துவிட்டால் வண்டி இழுக்காது, மேடு கண்டால் திணறும். உள்குழாயை உருவி வெந்நீர் அடுப்பில், தென்னை மட்டைக்கு நடுவே செருகிவிடுவார். எண்ணெய்க் கரி பற்றி எரிகிற அந்தப் புகையில் குளிக்க வெந்நீரும் காய்ந்துவிடும். பழுக்கக் காய்ந்த குழாயை வெளியே எடுத்துத் தட்டினால் கரி பொருக்குப் பொருக்காக உதிரும். அந்த வேலை நடந்த ஞாயிறுகளில் எல்லோர் தலையிலும் இரண்டு நாளைக்குப் புகை நாற்றம்.

தோட்டத்துக்கு ஒரு நாள், வண்டிக்கு ஒரு நாள் என்று பிரித்திருந்தால் இவ்வளவு நினைவில் தங்கியிருக்காது என்று தோன்றுகிறது. ஒன்றின் மிச்சம் இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பஞ்சர் ஒட்டி ஒட்டி ஓய்ந்த டியூபைக் குறுக்கே வளையம் வளையமாக வெட்டினால் பந்தல் மூங்கிலைக் கட்ட அதைவிட நல்ல கட்டு கிடையாது. அறுந்த பிரேக் கேபிளின் உள்கம்பி பீர்க்கங்கொடிக்கு. டிராக்டர் பட்டறையில் கேட்டு வாங்கிய வேஸ்ட் ஆயில், கரையான் ஏறாமலிருக்க மூங்கிலின் அடிப்பாகத்துக்கு. தோட்டமும் சும்மா இருக்காது. புதுக் கேபிளை முருங்கைக் கிளையில் தொங்கவிட்டு, மேல்முனையில் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிக் கட்டி, அதில் எண்ணெய் ஊற்றி வைப்போம். அது கம்பி வழியாக இறங்கிக் கீழ்முனையில் சொட்டுவதற்குள் இரண்டு பாத்தி கொத்தியாகிவிடும். கடைசியில் கைப்பிசுக்குப் போக சாம்பலும் சீயக்காயும்.

வண்டியைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, இருவர் ஏறிப்போகிற முதல் இந்திய மொபெட் என்று பெயர் வாங்கியதுதான். ஆனால் எதிர்க்காற்றில் பாலம் ஏறும்போது பின்னால் இருக்கிறவர் இறங்கி நடந்தால்தான் அதற்கு மூச்சு வரும். வாரா வாரம் எதையாவது கேட்கும். இப்போது நான் ஓட்டும் ஸ்கூட்டர் எதையும் கேட்பதில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபின் கார்புரேட்டர் போய், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அதைத் திறந்து பார்க்க எனக்குக் கையும் இல்லை, கருவியும் இல்லை. புகை குறைந்தது நல்லதுதான். அம்மாவின் கேனைக் காலி செய்த காலம் திரும்பி வர வேண்டுமென்று அம்மாவே சொல்ல மாட்டாள்.

கொல்லையை 2018 நவம்பரில் கஜா புயல் முடித்துவிட்டது. ஒரே இரவில் தென்னைகள் சரிந்தன, ஒன்று கிணற்றுச் சுவர்மேலேயே விழுந்தது. முருங்கை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. எங்கள் பக்கம் பல தோப்புகளுக்கு அதே கதிதான், எங்களுடையது நாலு மரம் என்பதால் யாரும் கணக்கெடுக்கவில்லை. அப்பாவையும் அம்மாவையும் சென்னைக்கு அழைத்து வந்தோம். பால்கனித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலை இருக்கிறது. காலையில் அதற்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு, அப்பா முண்டாசுக்குப் போட்ட அதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைப் பார்ப்பார். கீழே ஏதாவது வண்டி இருமினால், “பிளக்கு” என்பார். நான் எதிர்த்துப் பேசுவதில்லை. பெரும்பாலும் அது பேட்டரியாக இருக்கும்.

என் ஸ்கூட்டரைச் சர்வீசுக்கு விட்டால் குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து டீ தருகிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டி நிற்கிறது, இந்தப் பக்கம் நான். காத்திருப்பது அப்போதும் இருந்தது: செயின் ஊற, எண்ணெய் இறங்க, குழாய் ஆற. அந்த நேரங்களில்தான் அப்பாவிடம் எதையும் கேட்க முடிந்தது, அவர் முகத்தைப் பார்க்காமல், ஆளுக்கொரு பாத்தியில் குனிந்தபடி. பரீட்சையில் தேறாததைச் சொன்னதும், அத்தை வீட்டுச் சண்டை என்னவென்று கேட்டதும், ஊரைவிட்டு வேலைக்குப் போகிறேன் என்றதும் அப்படித்தான். “அந்தக் களைய வேரோட பிடுங்கு” என்று ஒரு வார்த்தை நடுவில் வரும், பேச்சு அப்படியே தொடரும்.

வேலை முடிந்ததும் “டிரையல் பாத்துட்டு வரேன்” என்று அப்பா கிளம்புவார். ஆற்றங்கரை டீக்கடை வரை போனால்தான் டிரையல் பூர்த்தியாகும். பின்சீட்டில் எனக்கும் ஒரு வடை உண்டு. போன மாதம் சர்வீஸ் சீட்டில் ‘ரோடு டெஸ்ட்’ என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. அதை மட்டும் நானே ஓட்டிப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “ரூல்ஸ் இல்ல சார்” என்றார் அந்தத் தம்பி, சாவியை நீட்டியபடி, “அதெல்லாம் எங்க ஆளு பாத்துடுவாரு.”