மனசு உடைஞ்சா யாரு காசு கட்டுறது?

நம்ம நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் காசு இல்லை. மனநலக் கிளினிக்கும் அப்படித்தான். பிறகு எதுக்கு காப்புறுதி பற்றிப் பேசணும்?

எங்கள் செட்டில் வில்கமுவ நண்பன் ஒருத்தன் இருக்கான். மாதக் கணக்கில் தூக்கம் இல்லை, வேலைக்குப் போகவே பயம். மாத்தளைக்குப் போய் வந்தால் அன்றைய சம்பளம் போயிடும், பஸ் காசும் போகும். வேலையிடத்தில் கொடுத்த காப்புறுதிப் புத்தகத்தை நாங்கள் சேர்ந்து வாசித்தோம். கால் உடைஞ்சா காசு உண்டு. மனநோய், கொடுக்காதவை பட்டியலில். "அப்ப எனக்கு வந்தது நோய் இல்லியாடா?" என்று கேட்டான். நாங்கள் வாயே திறக்கவில்லை.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் மருத்துவக் காப்புறுதி இருக்கணும் என்கிறது. ஆனாலும் 2022 ஒக்டோபர் 31க்குள் எல்லாத் திட்டங்களையும் அதற்கேற்ப மாற்றச் சொல்லி, காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையம் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. சட்டம் எழுதினால் மட்டும் போதாது, துரத்தவும் வேணும்.

ஆனால் வில்கமுவவில் வயல் செய்கிறவர்கள், இரவெல்லாம் யானைக்குக் காவல் இருக்கிறவர்கள் பலரிடம் கம்பனிக் காப்புறுதியே இல்லை. அவர்களுக்குக் காப்புறுதி என்றால் பக்கத்து ஆஸ்பத்திரிதான். 2004 சுனாமிக்குப் பிறகு வந்த தேசிய மனநலக் கொள்கையும் இதைத்தான் சொன்னது: பெரிய ஆஸ்பத்திரிக்குள் வைத்திருக்காமல் சேவையை ஊருக்குக் கொண்டு போகணும். அதனால்தான் மனநல மருத்துவ உத்தியோகத்தர்கள் மாவட்டங்களில் வேலை செய்கிறார்கள், சின்ன ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக் நடக்கிறது.

இன்னும் ஒரு படி போகலாம். சீனி, பிரஷர் பார்க்கிற அதே இடத்தில், அதே டொக்டர் "தூக்கம் வருதா?" என்றும் கேட்கணும். தமிழ் பேசுறவங்களிடம் தமிழிலேயே கேட்கணும். எல்லாரும் ஒரே வரிசையில் நின்றால், யார் எதுக்கு வந்தாங்க என்று யாருக்கும் தெரியாது. 'அங்கொட கேஸ்' என்று கேலி பண்ணவும் முடியாது. பஸ் காசும் மிச்சம்.

உங்கள் காப்புறுதிப் புத்தகத்தில் 'கொடுக்காதவை' பக்கத்தை ஒருமுறை வாசிங்க. மனநோய் அதில் இருந்தால் வேலையிடத்தில் கேளுங்க, தனியா இல்லாமல் நாலு பேரா போய்க் கேளுங்க. மனசு தாங்கவில்லை என்றால் 1926க்கு அடிங்க. அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம்.