ஒரு படகு, ரெண்டு கண், மூணு கோட் பெயின்ட்!

எர்ணாவூர்க்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆபீஸில் யாராவது ‘எங்க சார் வீடு?’ என்று கேட்டால், ‘திருவொற்றியூர் பக்கம்’ என்போம். இன்னும் நோண்டினால், ‘விம்கோ நகர் மெட்ரோ தாண்டி...’ என்று இழுப்போம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் மைல் கணக்கில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பற்றி வாயே திறக்க மாட்டோம். பெண் கொடுக்க யோசிப்பார்களே!

அந்த எர்ணாவூரில், பக்கிங்ஹாம் கால்வாய்க்குக் கூப்பிடு தூரத்தில், வீட்டு வாசலிலேயே என் சித்தப்பா 2022-ல் ஒரு படகு செய்தார். கையால். மரத்தால்.

சித்தப்பா ஒரு ஃபவுண்டரியில் பேட்டர்ன் ஷாப்பில் இருந்து ரிடையர் ஆனவர். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால், அதே பொருளை மரத்தில் மாதிரி செய்து தருகிற வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினால் தூக்கம் வராது அவருக்கு. ரிடையராகி வீட்டில் உட்கார்ந்த பிறகு, சித்தி வைக்கிற ரசத்தில்கூட அளவு பார்க்க ஆரம்பித்துவிட்டார். சித்திதான், ‘ஏதாவது பெருசா செஞ்சு தொலைங்க’ என்று விரட்டினாள்.

அப்படிப் பிறந்ததுதான் படகு. ஆறு மில்லிமீட்டர் மெரைன் ப்ளைவுட்டை வடிவமாக அறுத்து, ஓரங்களில் துளை போட்டு, சட்டைக்குத் தையல் போடுகிற மாதிரி செம்புக் கம்பியால் தைத்து, மூட்டெல்லாம் ரெசினும் ஃபைபர் துணியும் வைத்து ஒட்டுவது. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் 1980-களில் இப்படித்தான் ப்ளைவுட் வள்ளம் கட்டினார்கள். அந்தப் பக்கத்து நண்பர் ஒருவரிடம் போனில் கேட்டுக் கேட்டே முடித்தார். பன்னிரண்டடி நீளம், இரண்டரை அடி அகலம். ஒரு ஆள், ஒரு கூடை, ஒரு வலை. அவ்வளவுதான் கொள்ளும். எண்ணூர் முகத்துவாரத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துபோன இடங்களில் பெரிய படகு தட்டும். இது வழுக்கிக்கொண்டு போகும்.

போட்டோவைப் பார்த்த என் ஆபீஸ் நண்பன், ‘அட, கயாக்!’ என்றான். அதைச் சித்தப்பாவிடம் சொன்னேன்.

“கயாக்குன்னா இன்னாடா?”

“எஸ்கிமோ படகு சித்தப்பா. மரச்சட்டத்து மேல சீல் தோலைப் போர்த்தி, ஒரே ஆளு உக்காந்து வேட்டைக்குப் போவாங்க.”

“அங்க இறால் கீதா?”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்புறம்தான் பிரச்னை. பெயின்ட்! சித்தப்பா மூன்று கோட் பச்சை அடித்து நிறுத்திக்கொண்டார். ஆனால், படகு என்றால் சும்மா பச்சையாகவா விடுவது? காசிமேட்டில் போய்ப் பாருங்கள். அம்மன், அந்தோணியார், சுறா, கழுகு, நங்கூரம், சினிமா ஸ்டார் என்று எந்தப் படகும் மொட்டையாக நிற்காது. குடும்பம் கூடியது. சித்தப்பா மகனுக்கு அவன் அபிமான நடிகர் வேண்டும். எதிர்வீட்டுப் பெரியவருக்கு எம்.ஜி.ஆர். (‘படகோட்டி’ வந்தது 1964-ல். அவருக்கு மட்டும் அது போன வாரம்!) சித்திக்குப் பெரியபாளையத்தம்மன்.

கூட்டிவந்த பெயின்டர் அண்ணன் மூன்றையும் ஒரே நிமிஷத்தில் தள்ளுபடி செய்தார். “ஆளு ஏறினா படகு அரை அடி அமுங்கும். தலைவர் மூஞ்சி வரைஞ்சா மூக்கு வரைக்கும் தண்ணியில இருக்கும். ரசிகருங்க சும்மா வுடுவாங்களா? அம்மனை வரைஞ்சா, அது மேல காலை வெச்சுத்தான் ஏறணும். வாணாம்மா.”

பெயின்டர் அண்ணனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் அண்ணா சாலை சினிமா பேனர்களில் வேலை செய்தவர். ஹீரோவின் ஒரு காதே ஆளுயரம் இருக்கும் என்பார். 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. இப்போது பைக் நம்பர் பிளேட்டும், படகும்தான். படகு ஏன் தப்பித்தது என்று கேட்டேன். வளைவில் ஃப்ளெக்ஸ் நிற்காது, ஸ்டிக்கர் ஒட்டினாலும் உப்புத் தண்ணியில் ஓரம் தூக்கிக்கொள்ளும், எனாமல்தான் மரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றார். ஃபைபர் படகு என்றால் முதலில் உப்புத்தாள் போட்டு வழவழப்பை எடுக்கணுமாம். இல்லாவிட்டால் ஒரே சீசனில் அந்தோணியார் செதில் செதிலாக உரிந்து வருவார்.

இன்னொன்றும் சொன்னார். படகுக்குப் படம் என்பதே நம் பக்கத்தில் ரொம்பப் பழசு கிடையாதாம். யோசித்தால் சரிதான். கட்டுமரத்தில் எங்கே வரைவது? நாலைந்து மரத்தைக் கயிற்றால் கட்டி எடுத்துப் போய், திரும்பி வந்ததும் அவிழ்த்து மணலில் காயப்போட்டுவிடுவார்கள். உலகமே ‘கேடமரான்’ என்று நம்மிடமிருந்து கடன் வாங்கிய சொல்லுக்குச் சொந்தமான மரத்துக்கு, முகம் என்று ஒன்று கிடையாது. கரையில் காத்திருப்பவர்கள் பாயைப் பார்த்தும், மேலே நிற்கிற ஆளின் நிற்கிற தோரணையைப் பார்த்தும்தான் ‘நம்மாளு’ என்று கண்டுபிடிப்பார்களாம். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் குறைந்து, ஃபைபர் படகுகள் ஒரே அச்சில் வார்த்தது போல வரிசையாக வந்து இறங்கின. எல்லாம் ஒரே ஜாடை. அப்போதுதான் பெயின்டர் அண்ணனுக்கு வேலை கூடியது.

கடைசியில் முடிவானது இது: அணியத்தில், அதாவது முன் மூக்கில், இரண்டு பக்கமும் இரண்டு கண். சித்தப்பாவின் ஐடியா. “கண்ணு இல்லாம வழி எப்பிடி பாக்கும்?” என்றார். மால்டா தீவில், வியட்நாமில் எல்லாம் படகுக்குக் கண் வரைகிறார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், நம்மூர்ப் படகுகளைப் பற்றி எழுதியபோது இந்தக் கண் சமாசாரத்தையும் விடவில்லை. சித்தப்பா இது எதையும் படித்தவரில்லை. கோயில் சிலைக்குக் கண் திறக்கிற மாதிரி, கண்ணைக் கடைசியில், அதுவும் தண்ணீர் ஓரத்தில் வைத்துத்தான் வரைய வேண்டும் என்று மட்டும் பிடிவாதம் பிடித்தார்.

விளிம்பு ஓரம் மிச்சமிருந்தது. சித்தி பேசாமல் பிரஷ்ஷை வாங்கி, வெள்ளை எனாமலில் சிக்குக் கோலம் போட ஆரம்பித்தாள். பன்னிரண்டடிக்கு, இரண்டு பக்கமும், புள்ளி வைத்து! பெயின்டர் அண்ணன் பீடியைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். “கை நடுங்கலையேம்மா” என்றார். பேனர்க்காரர் வாயால் அந்த வார்த்தை வந்ததைச் சித்தி ஒரு மாதம் தெருவெல்லாம் சொன்னாள்.

அதற்கப்புறம் சாயந்திரம் கால்வாய்க் கரையில் நின்றால், தூரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். சித்தி உலை வைக்கப் போவாள்.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு கால்வாயில் எண்ணெய் வந்தது. பேப்பரில் படித்திருப்பீர்கள். படித்ததற்கும் பார்த்ததற்கும் ரொம்ப வித்தியாசம் சார். வீட்டுச் சுவரில் கறுப்புக் கோடு. நாரைகளும் கூழைக்கடாக்களும் தார் பூசின மாதிரி நின்றன. மீனவர்கள் பக்கெட்டும் மக்குமாக எண்ணெயை அள்ளினார்கள். கட்டிவைத்திருந்த படகுகள் அத்தனையும் கறுப்பு. எது யாருடையது என்று தெரியவில்லை. அம்மன், சுறா, நட்சத்திரம் எல்லாம் ஒரே கறுப்புக்குள். அவரவர் கையால் விளிம்பைத் தடவித் தடவித் தேடினார்கள்.

டீசலும் துணியும் வைத்துத் துடைத்தோம். எண்ணெய் போகிற அளவுக்குத் தேய்த்தால் எனாமலும் சேர்ந்து வருகிறது. மூன்று நாள். கோலம் போயிற்று. ஒரு கண் முழுசாகப் போயிற்று. இன்னொன்றில் பாதி இமை மட்டும் நின்றது. சித்தி ஒரு வார்த்தை பேசவில்லை. சோப்புத்தூள் போட்டுக் கையை மட்டும் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. 787 படகுகளுக்குத் தலா பத்தாயிரம் ரூபாய். சித்தப்பாவின் படகு அந்த 787-ல் இல்லை. கணக்கெடுக்க வந்தவர் நல்ல மனுஷர்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“நம்பர் எங்க பெரியவரே?”

கடலுக்குப் போகிற படகுகளில் பெரிய எழுத்தில் பதிவு எண் எழுதியிருக்கும். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இதிலெல்லாம் கெடுபிடி அதிகம்; மாநிலத்துக்கு ஒரு கலர் என்றுகூட வந்தது. முகத்துவாரத்தில் இறால் பிடிக்கிற, வாசலில் தைத்த பலகைக்கு ஏது நம்பர்?

“கண்ணு இருந்துது சார். கோலம் இருந்துது” என்றார் சித்தப்பா.

அவர் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

எனக்குக் கோபம். மனு எழுதித் தருகிறேன் என்றேன். சித்தப்பா, “மொதல்ல பெயின்ட் வாங்கிக்கினு வா” என்றார். மார்ச்சில் மறுபடி பச்சை மூன்று கோட். சித்தி இந்தத் தடவை கோலத்தின் புள்ளியைப் பெரிதாக வைத்தாள், தூரத்திலிருந்து தெரியணுமாம். பெயின்டர் அண்ணனைக் கூட்டி வந்தோம். கால்வாய் ஓரத்தில் வைத்து வலது கண்ணை முடித்தார். பிரமாதமான கண். ஹீரோ கண் மாதிரி!

அன்றைக்குச் சாயந்திரமே அவருக்கு போன். நாடாளுமன்றத் தேர்தல். சிட்டிக்குள் சுவரில் எழுத விடமாட்டார்கள். ஆனால் மீஞ்சூர் தாண்டிக் கிராமங்களில் இன்னும் கையால்தான் சின்னம் வரைகிறார்கள். பல வருஷம் கழித்துப் பெரிய சுவர், பெரிய பிரஷ், கை நிறையக் காசு. “ரெண்டே நாளு” என்று சொல்லிவிட்டுப் போனார். ஏப்ரல் 19 ஓட்டுப்பதிவு முடிகிற வரை ஆளைக் காணோம்.

இறால் காத்திருக்குமா? சித்தப்பா ஒற்றைக் கண்ணோடு படகைத் தள்ளினார். எங்கள் வீடு கால்வாய்க்குக் கிழக்கே. வடக்கே முகத்துவாரத்துக்குப் போகும்போது வலது பக்கம், அதாவது கண், எங்களைப் பார்த்துக்கொண்டு போகும். திரும்பி வரும்போது இந்தப் பக்கம் குருடு. சித்தி கண்ணைத் தேடவில்லை. கரையில் கையைக் குவித்து நெற்றியில் வைத்து நின்று, “புள்ளி தெரியுது” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.