கூரையில்லாச் சந்நிதியில் குடிகொண்ட அன்னை

விசாகப்பட்டினம் என்றதும் துறைமுகமும் கப்பல்களுமே பலருக்கு நினைவில் எழும். விசாகன் என்னும் முருகப்பெருமானின் திருநாமத்தால் அவ்வூர் பெயர் பெற்றது என்பது அங்கு வழங்கும் செய்தி. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நானும் என் மனைவியும் ஐந்து நாள்கள் அங்குத் தங்கி வரும் பேறு வாய்த்தது.

இரண்டாண்டுகளுக்கு முன் அவளுக்கு வாதநோய் கண்டு இடக்கை தளர்ந்துவிட்டது. நடை மீண்டது, கை மீளவில்லை. நாள்தோறும் தன் கையால் பூத்தொடுத்துச் சுவாமிக்குச் சாற்றியவள், அதன்பின் பூஜையறை வாசலிலேயே அமர்ந்துவிடுவாள். "இரு கையும் கூடாத பூஜை குறையுள்ள பூஜை" என்பாள். நான் விளக்கேற்றி அர்ச்சனை செய்ய, அவள் வெளியிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பாள். எவ்வளவோ சொல்லியும் உள்ளே வந்தாளில்லை.

முதல் நாள் சிம்மாசலம் சென்றோம். நகரிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவு. மலைமேல் வரை வாகனம் செல்வதால் முதியோர் படியேறும் சிரமம் இல்லை. மேற்கு நோக்கிய அத்திருக்கோயிலில் வராக லட்சுமி நரசிம்மர் ஆண்டு முழுவதும் சந்தனக்காப்புக்குள்ளேயே எழுந்தருளியுள்ளார். அட்சய திருதியை ஒரு நாள் மட்டுமே நிஜரூப தரிசனம். முதற் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டு இங்கிருப்பது தமிழர் நமக்குப் பெருமை. கிருஷ்ணதேவராயர் 1516, 1519 ஆகிய ஆண்டுகளில் வந்து வழிபட்டதையும் கல்வெட்டுகள் கூறுகின்றன.

அங்குள்ள கப்ப ஸ்தம்பம் என்னும் தூணை இரு கைகளாலும் தழுவி வேண்டிக்கொண்டால் எண்ணியது ஈடேறும் என்பது நம்பிக்கை. எங்கள் முறை வந்ததும் என் மனைவி தயங்கி ஒதுங்கினாள். பின்னால் நின்ற தெலுங்கு மூதாட்டி ஒருவர் எதுவும் கேட்கவில்லை. அவளது இடக்கையை எடுத்துத் தூணில் சாய்த்து, நழுவாதபடி தம் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பின்னர் மண்டபத்தில் அமர்ந்திருந்தபோது, "புருஜுபேட்டை அம்மவாரைப் பார்த்தீர்களா? ஊருக்குத் திரும்புமுன் அவசியம் பாருங்கள்" என்று தெலுங்கில் சொன்னார். ஏன் என்று கேட்டோம். "போனால் தெரியும்" என்று மட்டும் சொல்லி எழுந்துவிட்டார்.

மறுநாள் கடற்கரையில் காட்சிக்கு வைத்துள்ள குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டோம். 1933இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அருகே மூன்று குன்றுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றில் வேங்கடேசர் கோயில், ஒன்றில் மாதா கோயில், ஒன்றில் தர்கா. "கடலுக்குப் போகிறவன் மூன்றையும் கும்பிட்டுவிட்டுத்தான் போவான்" என்றார் எங்கள் ஆட்டோ ஓட்டுநர். அவரே மூன்றாம் நாள் காலை புருஜுபேட்டைக்கும் அழைத்துச் சென்றார்.

நெருக்கமான பழைய தெருக்களின் நடுவே ஸ்ரீ கனகமகாலட்சுமி கோயில். அன்னையின் சந்நிதிக்குக் கூரை இல்லை, வானமே விதானம். 1912ஆம் ஆண்டு ஒரு கிணற்றிலிருந்து வெளிப்பட்ட திருமேனி என்பது தல வரலாறு. சாதி, குல வேறுபாடின்றி யாரும் அருகில் சென்று, மஞ்சள் நீரும் பாலும் வார்த்து, குங்குமமிட்டுத் தம் கையாலேயே பூஜை செய்யலாம்.

வரிசை நகர்ந்து அன்னையின் அருகில் வந்ததும் என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். அம்பிகையின் திருமேனியில் இடக்கை முழுமையாக இல்லை. அந்தக் கோலத்திலேயே அன்னை ஊரையும் கடலையும் காத்து வருகிறாள். அந்தக் கோலத்திலேயே ஆயிரமாயிரம் பேர் அவளிடம் தம் குறைகளை முறையிடுகின்றனர்.

என் கையிலிருந்த பாற்கிண்ணத்தை அவளே வாங்கிக்கொண்டாள். வலக்கையால் பால் வார்த்தாள், மஞ்சள் பூசினாள், குங்குமமிட்டாள். பின்னால் நின்றவர்கள் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. வெளியே வந்தபின் நெடுநேரம் பேசாதிருந்தவள், "அந்தப் பாட்டி என் கையைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்" என்றாள். அம்மூதாட்டியை மீண்டும் காணும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டவில்லை.

இடக்கை இன்றும் பழைய நிலையில்தான் உள்ளது. ஆயினும் இப்போது எங்கள் வீட்டில் விளக்கேற்றுபவள் அவளே. பூத்தொடுக்க இயலாததால் உதிரிப்பூவால் அர்ச்சிக்கிறாள். நான் அருகில் தாம்பாளம் பிடிக்கிறேன்.

மார்கசிர மாத வியாழக்கிழமைகளில் அச்சந்நிதியில் பெருங்கூட்டம் கூடும். முதியோர் மற்ற நாள்களில், காலை வேளையில் செல்வது நலம். அடியவர் குறையைத் தன் குறையாகத் தாங்கி நிற்கும் அன்னை கனகமகாலட்சுமி நம் அனைவருக்கும் அருள்புரிவாளாக!