நடுங்காத கை

செஞ்சிக் கோட்டைக்கு வந்திருக்கிறீர்களா? ராஜகிரியின் அடிவாரத்தில் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் கலியாண மகாலைப் பார்த்திருப்பீர்கள். ஊருக்கு வரும் உறவினரையெல்லாம் அங்கே அழைத்துப் போய், 1714இல் போரில் மடிந்த தேசிங்கு ராஜன் கதையை மடமடவென்று சொல்வது என் அண்ணனின் வழக்கம்.

அப்பேர்ப்பட்டவரைப் பார்க்கின்ஸன் நோய் பிடித்தது. டம்ளரை எடுத்தால் பாதிக் காபி வேட்டியில்தான். சில வருஷம் கைகொடுத்த மருந்துகளும் பிறகு சரிவரக் கேட்கவில்லை. கடைசியில், மூளைக்குள் மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, மார்புத் தோலுக்கடியில் வைத்த பாட்டரியிலிருந்து மின்துடிப்பு அனுப்பும் சிகிச்சை நடந்தது. மூளையில் மின்முனை பதிப்பது நமக்குப் புதிதல்ல. சென்னை டாக்டர் டி. எஸ். கனகா 1975இலேயே அதைச் செய்திருக்கிறார். நடுக்கத்துக்கு இன்றைய முறையை 1987இல் கொண்டுவந்தவர் பிரான்ஸ் தேசத்து டாக்டர் பெனபிட்.

நடுக்கம் நின்றது! அண்ணி கோவிலுக்கு ஓடினார்.

இரண்டு மாதம் கழித்து எல்லோரும் கோட்டைக்குப் போனோம். அண்ணன் விரலை நீட்டினார். விரல் துளியும் ஆடவில்லை. "அதோ பார், அதுதான்... அது..." என்று நின்றுவிட்டார். கலியாண மகால் என்ற பெயர் வரவில்லை. பேரன் எடுத்துக் கொடுத்தான். அவர் வருத்தப்பட்டிருந்தாலாவது தேவலை. "என்னவோ ஒன்று" என்று திரும்பி நடந்தார்.

அன்றிரவு அண்ணி, "கை திரும்பி வந்துவிட்டது, தம்பி. ஆள் இன்னும் வரவில்லையே!" என்றார்.

டாக்டரிடம் சொன்னோம். அவர் ஆச்சரியப்படவில்லை. கம்பி போய்ச் சேரும் இடம் பட்டாணி அளவுதானாம். உடலை அசைக்கும் பாதைகளும், எண்ணத்தையும் மனத்தையும் நடத்தும் பாதைகளும் அங்கே அண்டை வீடுகள். அதனால் சிலருக்குச் சொற்கள் தாமதிக்கின்றன. சிகிச்சைக்குப் பின் மருந்தை வெகுவாகக் குறைத்தால், சிலருக்கு எதிலும் பற்றில்லாமல் போகிறது. வேறு சிலரோ அளவுமீறிய உற்சாகத்தில் பணத்தை வாரி இறைக்கிறார்கள். 29 நோயாளிகளைக் கவனித்த பாரிஸ் டாக்டர்கள், உடல் தேறிய பிறகும் பலருக்கு மணவாழ்க்கையிலும் வேலையிலும் சிக்கல் நேர்ந்ததாக 2006இல் எழுதினார்கள்.

டாக்டர் மருந்தைச் சற்றுக் கூட்டினார். மின்சார அளவையும் திருத்தினார். அண்ணனுக்கு ஆர்வம் மெல்லத் திரும்பியது. சொற்கள் இன்னும் தயங்குகின்றன. தேசிங்கு கதையை இப்போது பாதி அவரும் பாதி பேரனுமாகச் சொல்கிறார்கள்.

இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தம் கையால் சிந்தாமல் காபி குடிக்கும் அண்ணனும் சொல்லமாட்டார். ஆனால் இதெல்லாம் நேரலாமா என்று நாங்கள் முன்பே கேட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது இது நடந்தால், கை எப்படி இருக்கிறது என்று மட்டும் டாக்டரிடம் சொல்லாதீர்கள். மனிதர் எப்படி இருக்கிறார் என்றும் சொல்லுங்கள். கூட இருந்து வாழ்கிறவர்களுக்குத்தானே அது தெரியும்?