ரவுட்டரின் கடவுச்சொல்

எங்கள் வீட்டு ரவுட்டர் கூடத்தில், டிவிக்குப் பின்னால் இருக்கிறது. அதைத் தூசு தட்டித் துடைப்பவள் நான். மாதாமாதம் பணம் கட்டுபவளும் நான்தான். அதன் கடவுச்சொல் எனக்குத் தெரியாது என்பது போன வருடம்தான் எனக்கே உறைத்தது. வைஃபை கடவுச்சொல்லைச் சொல்லவில்லை, அது வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் தெரியும். உள்ளே நுழைந்து அமைப்புகளை மாற்றுவதற்கான கடவுச்சொல். அது கணவரின் டைரியில் இருந்தது.

எனக்கு அது தேவைப்பட்டது ஒப்பாரிக்காக. முனைவர் பட்ட ஆய்வின்போது உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் இருநூறு பாட்டுகளுக்கு மேல் பதிவு செய்திருந்தேன். இழவு வீட்டுப் பாட்டில் செத்தவர் மட்டுமா வருவார்? பங்கு கொடுக்காத அண்ணன், கைநீட்டிய புருஷன், எல்லாரும் வருவார்கள். ஒரு அம்மா பாடி முடித்துவிட்டு, "இது எங்க அண்ணந்தம்பி காதுல விழுந்துரக் கூடாது தாயி" என்றார். விழாது என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பதிவுகளை எந்த நிறுவனத்தின் கிளவுடிலும் ஏற்றாமல் வைத்திருந்தேன். ஆனால் என் ஆய்வு மாணவிகள் இருவருக்கு அவை வேண்டியிருந்தன. பென்டிரைவில் கொடுத்தேன். ஒருத்தி பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்று அழுதுகொண்டு வந்தாள். மூன்று நாள் எனக்குத் தூக்கமில்லை. நான்காம் நாள் அவளுடைய மடக்குக் குடைக்குள்ளிருந்து கிடைத்தது.

அதன் பிறகுதான் வீட்டில் சும்மா கிடந்த பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றி ஃபைல் சர்வராக்கினேன். மாணவிகள் இருக்கும் இடத்திலிருந்தே கேட்கலாம். யாருக்கு அனுமதி வேண்டாமோ அவரை ஒரு நிமிடத்தில் நீக்கலாம். வீட்டுக்குள் நன்றாக வேலை செய்தது. வெளியிலிருந்துதான் யாரும் வர முடியவில்லை.

வீட்டுக்குள் ஃபோன், டிவி, கணினி என்று எத்தனை இருந்தாலும் வெளியே ஒரே முகவரிதான். நாம் கேட்காமல் தானாக வருகிற எதையும் ரவுட்டர் திருப்பி அனுப்பிவிடும். மொத்தம் 65,535 போர்ட்டுகள்; அவற்றில் இன்ன எண்ணுக்கு வருகிறவரை இன்ன கணினிக்கு அனுப்பு என்று எழுதிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். தமிழ் படித்தவளுக்கு இது புதிதா என்ன? பரத்தை வீட்டிலிருந்து திரும்புகிற தலைவனுக்கு வாயில் மறுத்தலும் வாயில் நேர்தலும் வருடா வருடம் நான் நடத்துகிற பாடம். தலைவியிடம் மிச்சமிருந்த அதிகாரம் அது ஒன்றுதான் என்று வகுப்பில் அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

"எதுக்கு இவ்வளவு கஷ்டம், சொல்லியிருந்தா நானே பண்ணியிருப்பேனே" என்றார் கணவர். நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் இதைப் புரியவைப்பதுதான் கடினம். "கடவுச்சொல்லை மட்டும் சொல்லுங்க" என்றேன்.

192.168.1.1. லேப்டாப்பின் உள்முகவரி அடிக்கடி மாறாதபடி முதலில் 192.168.1.50 என்று நிலையாக ஒதுக்கினேன். வெளியே 40022இல் வருவதை உள்ளே 22க்கு அனுப்பச் சொன்னேன். விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான 445ஐ மட்டும் எக்காரணம் கொண்டும் வெளியே திறக்கக் கூடாது. 2017 மே மாதம் மருத்துவமனைக் கணினிகளைக்கூட முடக்கிய வானாகிரை அந்த வழியாகத்தான் பரவியது. சேமித்துவிட்டு, வைஃபையை அணைத்து, ஃபோனின் டேட்டாவில் முயன்றேன். வரவில்லை. இரண்டு இரவுகள் என் தவறு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ரவுட்டருக்குக் கிடைத்திருந்த வெளிமுகவரி 100.72 என்று தொடங்குவதைக் கவனித்தேன். 100.64 முதல் 100.127 வரையானவை, பல வீடுகளை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் நிறுத்துவதற்காக 2012இல் இணைய நிறுவனங்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை. என் வாசலுக்கு வெளியே இன்னொரு வாசல், அது நிறுவனத்தின் கையில்.

பொதுமுகவரி கேட்டு ஃபோன் செய்தேன். "கனெக்ஷன் சார் பேர்ல இருக்கு மேடம். சார் பேசுவாரா?"

"பணம் என் கணக்கிலிருந்துதான் போகுது."

"ஓடிபி சாருக்குத்தான் வரும் மேடம்."

சார் குளித்துக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவைத் தட்டி, அவருடைய ஃபோனை எப்படித் திறப்பது என்று கேட்டேன். நாற்பத்தாறு வயது, முனைவர் பட்டம், இரண்டு கவிதைத் தொகுப்பு. அந்த ஓடிபியை நான் சொல்லவில்லை. ஃபோனை வைத்துவிட்டு, முதலில் இணைப்பை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தேன். மூன்று வாரம் ஆனது. பொதுமுகவரிக்கு மாதாமாதம் தனிக் கட்டணம் வேறு.

வேலை செய்தது. மறுநாள் காலை சர்வரின் பதிவேட்டைத் திறந்தால், ஊர் பேர் தெரியாத முகவரிகளிலிருந்து root, admin என்று பெயர் சொல்லி யார் யாரோ இரவெல்லாம் தட்டியிருக்கிறார்கள். மனிதர்கள் அல்ல, தானியங்கி நிரல்கள். ஆனாலும் வயிற்றைக் கலக்கியது. கடவுச்சொல் போட்டு நுழையும் வழியையே அடைத்துவிட்டு, மாணவிகளுக்கு ஆளுக்கொரு சாவிக்கோப்பு கொடுத்தேன். ரவுட்டரின் கடவுச்சொல்லையும் மாற்றிக் கணவரிடம் சொன்னேன். "எனக்கெதுக்கு" என்றார். டைரியில் எழுதிக்கொள்ளவில்லை.

குடைக்குள் பென்டிரைவை வைத்திருந்த மாணவி அன்று மாலையே விடுதியிலிருந்து செய்தி அனுப்பினாள். "கேட்டுட்டேன் மேம். பாட்டு முடிஞ்ச பிறகு, அண்ணந்தம்பி காதுல விழக்கூடாதுன்னு அந்த அம்மா உங்ககிட்ட சொல்றதும் இதுல பதிவாகியிருக்கு. அதை வெட்டிரவா?"

வெட்ட வேண்டாம் என்று பதில் போட்டேன்.